கேதார்காந்தா: பனியில் உடம்பின் வெப்பக் கணக்கு

உத்தராகண்டில், டேராடூனிலிருந்து சாலை வழியே 200 கிலோமீட்டர் அளவில் சாங்க்ரி என்ற மலைக்கிராமம் இருக்கிறது. பனிக்காலத்தில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர் உயரம், சிகரம் சுமார் 3,800 மீட்டர். கயிறோ பனிக்கோடரியோ வேண்டாத பாதை என்பதால், வாழ்நாளில் பனியையே பார்க்காதவர்களும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கிளம்பி வந்துவிடுகிறார்கள். மேலே கனமான ஜாக்கெட் போட்டிருப்பார்கள், உள்ளே காட்டன் பனியன் இருக்கும். அவர்களை நடுங்கவைப்பது பெரும்பாலும் அந்தப் பனியன்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பத்து கிலோ பையைச் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறும்போது அது 500 வாட்டையும் தாண்டும். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் ஏறும் வேலைக்குப் போகிறது, மீதி எல்லாம் வெப்பம். கனமான ஜாக்கெட் அந்த வெப்பத்தை வெளியே விடாது. அப்போது உடம்புக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்ப்பது. வெளியே பூஜ்யம் டிகிரியாக இருந்தாலும் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

கேதார்காந்தா பாதையின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. முதல் நாள் சாங்க்ரியிலிருந்து ஜூடா கா தாலாப் என்ற ஏரி வரை அடர்ந்த காட்டுக்குள் ஏற்றம். மரங்கள் காற்றைத் தடுத்துவிடும். வெயில் இருந்தால் குளிர்காலம் என்பதே மறந்துபோகும். பிற்பகலில் ஏரிக்கரையை அடைந்து பையை இறக்கி வைக்கும்போது சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் மறைகிறது. உடம்பு 500 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு இறங்கிவிட்டது. உடுப்போ ஈரம்.

இந்த ஈரம் இரண்டு வழியில் வெப்பத்தைத் திருடுகிறது. முதலாவது, அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணி சூடு தருவது நூலால் அல்ல, நூலிடுக்கில் சிக்கிய காற்றால். அந்த இடுக்குகளை நீர் நிரப்பிவிட்டால் பனியன் இருந்தும் இல்லாதது போலத்தான். இரண்டாவது, ஆவியாதல். மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே இயற்பியல் இங்கே உடம்பின் மேல் நடக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். துணியில் 300 மில்லி ஈரம் தங்கியிருந்தால், அதை உலர்த்த 720 கிலோஜூல் செலவாகும். உட்கார்ந்திருக்கும் உடம்பு இரண்டு மணி நேரம் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அதற்கே போய்விடும்.

பருத்தி நாரே நீரை இழுத்து வைத்துக்கொள்வதால் இந்தக் குளிரில் எளிதில் உலராது. ஜீன்ஸும் பருத்திதான், அதை ஊரிலேயே விட்டுவிட வேண்டும். பாலியெஸ்டர் நார் தன் எடையில் ஒரு சதவீதம்கூட நீரை உறிஞ்சாது, வியர்வையை மேற்பரப்புக்குக் கடத்திவிடும். மெரினோ கம்பளி வேறு மாதிரி வேலை செய்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை நாருக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. சுருள் இழைகளுக்குள் காற்றும் தங்கியிருக்கும். தோலை ஒட்டிய அடுக்கு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை நார் மேலுடுப்பு ஒன்று, அதற்கு மேல் காற்றையும் ஈரப்பனியையும் தடுக்கும் மெல்லிய ஷெல் ஜாக்கெட். வாத்து இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட் நடப்பதற்கான உடுப்பே அல்ல. வியர்வை பட்டால் இறகு கட்டியாகி, உப்பல் போய், சூடு தராமல் ஆகிவிடும். அதைப் பையின் மேல்பகுதியில் வைத்திருந்து, நின்ற ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்வதுதான் சரியான பயன். வாடகைக்கு எடுத்த தடித்த ஜாக்கெட்டைக் காலையில் போட்டு மாலைவரை கழற்றாமல் நடப்பதுதான் இந்தப் பாதையில் அதிகம் காணும் தவறு.

கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்ததும் நின்று பார்க்கலாம். முதுகு நனையத் தொடங்கியிருந்தால் முதலில் கழுத்து ஜிப்பைத் திறந்து, பிறகு குல்லாவைக் கழற்றி, அதற்கும் அடங்காவிட்டால் ஃப்ளீஸை எடுத்துவிடலாம். வேகமும் ஓர் அடுக்குதான். முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடியாவிட்டால் வியர்வை தன் அளவை மீறிக்கொண்டிருக்கிறது. முகாமை அடைந்ததும் தேநீருக்கு முன்னால் உள்பனியனையும் சாக்ஸையும் மாற்றிவிட வேண்டும். தூங்குவதற்கென ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

சிகர நாளில் காற்றும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. விடியலைப் பார்க்க அதிகாலை மூன்று மணி வாக்கில் கிளம்புவார்கள். காடு முடிந்து திறந்த முகடு வந்ததும், தோலை ஒட்டி உடம்பே சூடாக்கி வைத்திருந்த மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், முகத்தோல் வெப்பத்தை இழக்கும் வேகம் ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரிக்கு ஈடாகும். காட்டு விளிம்பிலேயே, காற்று படுவதற்கு முன்பே ஷெல்லைப் போட்டுக்கொள்ள வேண்டும். முகட்டில் பையைத் திறந்தால் கையுறையைக் கழற்றவேண்டி வரும், விரல்கள் சில நிமிடங்களில் மரத்துவிடும்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் காலண்டர் பார்க்காது. 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் மோசமான வானிலையில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் உயிரிழந்தார்கள். நம் ஊரில் கத்திரி வெயில் அடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது.

கால்களுக்கு வருவோம். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கினால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல்கள் இன்னும் சில்லிடும். ஒரு தடித்த கம்பளி சாக்ஸோடு விரல்களை ஷூவுக்குள் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். பனி உள்ளே போகாமல் ஷூவின் வாயையும் கீழ்க்காலையும் மூடும் உறையான கெய்ட்டர் கட்ட வேண்டும். ராத்திரி ஷூவைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால், உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து காலையில் மரக்கட்டை போலாகிவிடும். பையில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

புதுப்பனியில் ஷூ நன்றாகப் பிடிக்கும். நூற்றுக்கணக்கானோர் மிதித்த தடம்தான் இரவில் இறுகிக் கண்ணாடியாகிறது. நம் எடையின் அழுத்தத்தில் பனிக்கட்டி உருகுவதால் வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் அது நிற்காது: 70 கிலோ மனிதர் ஒற்றைக்காலில் நின்றாலும் உருகுநிலை நூறில் ஒரு பங்கு டிகிரிகூட இறங்காது. பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகளை மேலிருந்து பிடித்துக்கொள்ள அண்டை மூலக்கூறுகள் இல்லை. அதனால் அவை பூஜ்யத்துக்குக் கீழேயும் தளர்ந்து எளிதில் நகர்கின்றன. மைனஸ் 7 டிகிரியை ஒட்டி வழுக்கல் மிகுதி என்று ஆய்வக அளவீடுகள் காட்டுகின்றன. பனிக்கால மலைத்தடத்தில் அடிக்கடி இருக்கும் வெப்பநிலை அது.

ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஸ்பைக்கின் எஃகு முட்கள் அந்தத் தளர்ந்த படலத்தைத் துளைத்து உள்ளே இருக்கும் கெட்டிப் பனியில் குத்தி நிற்கின்றன. எல்லா முட்களும் பதியும்படி முழுப்பாதமும் தரையில் படவேண்டும். இறக்கத்தில் பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்தால் குதிகால் முட்களில் மட்டும் எடை விழுந்து கால் வழுகும். முழங்காலைச் சற்று மடக்கி, எடையைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, சிறு அடிகளாக இறங்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலில் பனி இளகியதும் முட்களுக்கிடையே உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது முள் இருந்தும் பயனில்லை, அவ்வப்போது கைத்தடியால் ஷூவின் பக்கவாட்டில் தட்டி உதிர்க்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகுங்கள். பனிக்கட்டி மிதக்கும் என்பதால் உறைதல் மேலிருந்து தொடங்கும், மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். தாகத்துக்குப் பனியைத் தின்னக்கூடாது. ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 490 கிலோஜூல் ஆகும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புவதால் பக்கங்களும் மூடிய கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணெரிச்சல் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், அதற்குள் சேதம் நடந்திருக்கும். கூடாரத்துக்குள் கரித்தணலோ கேஸ் அடுப்போ கூடவே கூடாது. அவை வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை இல்லை.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அதைப் பாதிக்கப்பட்டவர் சொல்லமாட்டார், கூட நடப்பவர்தான் பார்க்க வேண்டும். பேச்சு குழறும், கால் இடறும், ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் வராது, கேட்டால் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். காற்றில்லாத இடத்தில், தரைக்கு மேல் மெத்தை விரித்து, ஈர உடுப்பைக் களைந்து உலர்ந்ததை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்க வைக்க வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வைக்கலாம். விழுங்கும் அளவுக்குத் தெளிவு இருந்தால் சர்க்கரை நிறையப் போட்ட சூடான பானம் தரலாம். பிராந்தி தரவே கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே கொட்டிவிடும். நடுக்கம் நின்றுவிட்ட ஒருவரை நடக்க வைக்காமல், அதிராமல் தூக்கிச் செல்ல வேண்டும்.

விரல் வெளுத்து, மெழுகுபோல் கெட்டியாகி, உணர்வற்றுப் போனால் அது உறைந்துவிட்டது. தேய்க்கக்கூடாது, திசுக்குள் இருக்கும் பனித்துகள்கள் செல்களைக் கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் அமிழ்த்துவதே முறை. உணர்வற்ற விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் நீரின் சூட்டை வேறொருவர் பார்க்க வேண்டும். ஆனால் இறங்கும் வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் முகாமில் வெந்நீரில் வைக்க வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த விரலைவிட, உறைந்தபடியே கீழே கொண்டுவரப்பட்ட விரல் பிழைக்க வாய்ப்பு அதிகம்.