இரண்டாவது பிட்சின் முதல் மூன்று மீட்டர்

நூறு மீட்டர் பாறையில் ஏறுகிறவர் எங்கே விழுந்தால் கயிற்றுக்கு அதிகச் சோதனை, உச்சிக்கு அருகில்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. கயிற்றுக்கு உயரம் ஒரு பொருட்டே அல்ல.

ஏறும் முறை இதுதான். பாறையில் முன்கூட்டியே எஃகு போல்ட்டுகள் பதித்திருப்பார்கள். முன்னால் ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, தன் கயிற்றை அதில் நுழைத்தபடி போவார். துணைவர் கீழிருந்து கயிற்றைப் பிடித்திருப்பார். உயரமான பாறையைப் பிட்ச் எனப்படும் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் இருவரும் நங்கூர போல்ட்டுகளில் தங்களைக் கட்டிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார்கள்.

விழுபவரின் ஆற்றலை நைலான் கயிறு நீண்டுகொடுத்து வாங்கிக்கொள்கிறது. விழும் தூரம் கூடினால் ஆற்றல் கூடும், உண்மைதான். ஆனால் வெளியே விட்டிருக்கும் கயிறு நீளமாக இருந்தால், அந்த ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ள அதிக நைலான் இருக்கிறது. ஆகவே உடல் உணரும் இழுப்பைத் தீர்மானிப்பது விழுந்த தூரத்தைக் கயிற்று நீளத்தால் வகுத்து வரும் எண். இதை வீழ்ச்சிக் காரணி என்கிறோம். இவ்வளவு பயங்கரமான ஒரு நிகழ்வு இவ்வளவு எளிய வகுத்தலுக்குள் அடங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

முப்பது மீட்டர் கயிறு வெளியே இருக்க, ஆறு மீட்டர் விழுகிறார்: காரணி 0.2. அதே மனிதர் இரண்டாவது பிட்சைத் தொடங்கி, எந்த போல்ட்டிலும் கயிற்றை மாட்டாமல் மூன்று மீட்டர் ஏறி வழுக்குகிறார். துணைவரையும் தாண்டி அதே ஆறு மீட்டர்தான் விழுகிறார்; ஆனால் இருப்பது மூன்று மீட்டர் கயிறு. காரணி 2! தரையிலிருந்து தொடங்கும் முதல் பிட்சில் இது நேரவே முடியாது. காரணி ஒன்றைத் தாண்டுவதற்குள் தரை வந்துவிடும்.

அந்த நொடியில் துணைவரின் நிலையையும் பாருங்கள். வழக்கமாக அவரை மேல்நோக்கித் தூக்கும் கயிறு, இப்போது இடுப்பைக் கீழே இழுக்கிறது. கயிற்றைப் பிடிக்க அவர் இடுப்பில் மாட்டியிருப்பது சாதாரணக் குழல் வகைக் கருவி என்றால், கயிற்றை நிறுத்தக் கீழே இழுத்துப் பழகிய கை இப்போது மேலே இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க இடையில் எந்தக் கொக்கியின் உராய்வும் இல்லை.

பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ, ஒற்றைக் கயிற்றை 80 கிலோ எடையோடு, ஏறத்தாழ 1.77 காரணியில் சோதிக்கிறது. முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது; அது அந்த எடையைப் போல் சுமார் 15 மடங்கு. குறைந்தது 5 வீழ்ச்சிகளைக் கயிறு அறுபடாமல் தாங்க வேண்டும். அதிர்ஷ்டத்தையும் தாயத்தையும் நம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

போல்ட்டுகளைப் பற்றி இவ்வளவு தெளிவு இல்லை. தாய்லாந்தின் கிராபி கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே அரிப்பு விரிசலால் முறிந்து, டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது. இத்தகைய அரிப்பு ஆய்வுக்குப் பொதுப் பணம் ஒதுக்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வழி அமைப்பவர்கள் ஒவ்வொரு பிட்சின் முதல் போல்ட்டையும் நங்கூரத்தை ஒட்டியே பதிக்க வேண்டும். ஏறுபவர் வேறெதையும் செய்யுமுன் அதில் கயிற்றை மாட்ட வேண்டும். இன்னொன்று: நங்கூரத்தில் தன்னைக் கட்டும் டைனீமா என்ற செயற்கை இழைப் பட்டை ஏறக்குறைய நீளவே நீளாது. அதில் கட்டிக்கொண்டு நங்கூரத்துக்கு மேலே ஏறி நின்றால், ஒரு மீட்டருக்கும் குறைவான சறுக்கல்கூட இடுப்பெலும்பை நொறுக்கும் இழுப்பாக மாறலாம்.