தேசிய அணிக்கு அடுத்த பயிற்சியாளர் யார் என்று கேட்பதற்கு முன்

இந்தியக் கால்பந்து அணி ஒரு முக்கியமான ஆட்டத்தில் தோற்ற மறுநாள் காலையில், நான் பயிற்சியளிக்கும் மைதானத்தில் பிள்ளைகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும். "சார், அடுத்து யாரைப் போடுவாங்க?" என்று பதினைந்து வயதுப் பையன் கேட்பான், அவனைக் கொண்டுவந்து விட்ட அப்பாவும் பதிலுக்காக நிற்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். மாவட்ட வயதுப்பிரிவு அணிகளுக்கும் இரண்டு கிளப்புகளுக்கும் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆளின் பெயரை முதலில் பேசத் தொடங்கிய குழு எதுவும், நான் பார்த்தவரையில், நல்ல தேர்வைச் செய்யவில்லை. வேலை என்ன, அதற்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்ட குழுக்களே ஓரளவு சரியான ஆளைக் கண்டடைந்தன.

இங்கிலாந்தில் மேனேஜர் என்று அழைக்கப்படுபவரை நம் ஊரில் தலைமைப் பயிற்சியாளர் என்கிறோம். நம்மிடம் மேனேஜர் என்றால் பயணச்சீட்டு, விடுதி, ஜெர்சி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர். ஆனால் சொல் எதுவாக இருந்தாலும், கிளப் பயிற்சியாளரின் வேலையும் தேசிய அணிப் பயிற்சியாளரின் வேலையும் ஒன்றல்ல என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

நாள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கென ஒதுக்கும், ஃபிஃபா விண்டோ என்று நாங்கள் சொல்லும் காலத்தில் மட்டுமே கிளப்புகள் தம் வீரர்களைத் தேசிய அணிக்குக் கட்டாயமாக விடுவிக்க வேண்டும். வழக்கமான ஒரு விண்டோ ஏறத்தாழ ஒன்பது நாள். அதற்குள் இரண்டு ஆட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காகத் தொண்ணூறு நிமிடம் ஓடிய வீரர் திங்கட்கிழமை முகாமுக்கு வந்தால், அன்று அவருடைய கால்களுக்கு ஓய்வைத் தவிர வேறெதையும் கொடுக்க முடியாது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் கார்னரையும் ஃப்ரீகிக்கையும் பழக்கலாம். கடினமான பயிற்சி கூடாது. ஓர் ஆட்டம் வெளிநாட்டில் என்றால் பயணத்துக்கு ஒரு நாள் போய்விடும். மீதியில், ஆட்டமுறையை உண்மையாகச் சொல்லிக் கொடுக்கக்கூடிய அமர்வுகள் நான்கு தேறினால் அதிகம். அண்மைக் காலம் வரை ஆண்டுக்கு ஐந்து விண்டோக்கள் இருந்த அட்டவணையில், இது மொத்தம் இருபது அமர்வு. ஒரு கிளப் பயிற்சியாளர் ஒரே மாதத்தில் நடத்திவிடும் பயிற்சி அது. ஆகவே, தினமும் வீரர்களோடு இருந்து பொறுமையாக ஓர் அணியைச் செதுக்குவதில் வல்லவரான ஒருவர், இருபது அமர்வுகளுக்குள் எதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது என்று தெரியாமல் தடுமாறக்கூடும். அது அவருடைய திறமைக் குறைவு அன்று. அவர் வேறொரு வேலைக்குப் பழகியவர்.

இதை நாம் அண்மையில் கண்கூடாகப் பார்த்தோம். 2019 மே மாதம் பொறுப்பேற்ற இகோர் ஸ்டிமாச், 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். அவருடைய காலத்தில் இந்தியா 2021, 2023 ஆகிய இரண்டு சாஃப் (தெற்காசிய) கோப்பைகளையும் வென்றது. 2023 நவம்பரில் குவைத்துக்கே சென்று 1-0 என வென்றது. ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றது. ஜூனில் தோஹாவில் கத்தாரிடம் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியது. அந்த மாதமே அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் ஹைதராபாத் எஃப்சிக்கு 2022இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்று தந்தவர். இந்திய வீரர்களை அவரளவுக்கு அறிந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் அப்போது வேறு யாருமில்லை என்றே நானும் நினைத்தேன். கிளப்பில் அவர் இளம் வீரர்களை வளர்த்த விதத்தை என் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் தேசிய அணியில் அவர் நடத்திய எட்டு ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக. அதே பருவத்தில் அவரே பயிற்சியளித்த எஃப்சி கோவா கிளப் சூப்பர் கோப்பையை வென்றது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு வேலைகள், இரண்டு விளைவுகள்.

அவர் கிளப்பையும் தேசிய அணியையும் சேர்த்துப் பார்த்ததுதான் தவறு என்று பலர் சொன்னார்கள். இதில் நான் சற்று மாறுபடுகிறேன். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் இந்தியாவுக்குப் பெற்றுத் தந்த சையது அப்துல் ரஹீமும் ஹைதராபாத் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர்தான். ஆனால் அந்தக் காவல்துறை அணியிலிருந்து பல வீரர்கள் நேரே இந்திய அணிக்கு வந்தார்கள். அவர் கிளப்பில் செலவழித்த ஒவ்வொரு நாளும் தேசிய அணிக்கும் பயன்பட்டது. ஜகார்த்தாவில் 1962இல், தலையில் காயத்தோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தும் துணிவு ரஹீமுக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது அந்த இரண்டு கோல்களில் ஒன்றை அடித்தவர் ஜர்னைல். நெடுநாள் பழகி அறிந்தவரால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது. இன்றைய அமைப்பில் ஒரு கிளப்பின் பயிற்சியாளர் தன் அணிக்கான வேலையில் மூழ்கியிருக்கும் வாரத்தில் மற்றக் கிளப்புகளின் வீரர்களை நேரில் போய்ப் பார்க்க முடியாது. இரட்டைப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்று கேட்பதைவிட, அந்த இன்னொரு பொறுப்பு தேசிய அணியின் நாள்களைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று கேட்பதே பொருத்தம்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரசிகர்கள் பேசாத பகுதி இது, ஆனால் என் மனத்தை அதிகம் வருத்துவதும் இதுதான். ஸ்டிமாச்சுக்கு 2026 வரை ஒப்பந்தம் இருந்தது. இடையில் நீக்கியதால் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு 4 லட்சம் டாலர், அதாவது 3 கோடி ரூபாய்க்கும் அதிகமாக, இழப்பீடாகக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. இதன் சிறிய வடிவத்தை நான் நேரிலேயே பார்த்தேன். நான் பணியாற்றிய ஒரு கிளப், மூன்று தொடர் தோல்விகளுக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது. எந்த இலக்கை எட்டாவிட்டால், எத்தனை நாள் அறிவிப்போடு, எவ்வளவு பணம் கொடுத்துப் பிரியலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றால், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியின் வேன் வாடகையிலிருந்தும் காலைச் சிற்றுண்டியிலிருந்தும் வந்தது. முட்டையும் வாழைப்பழமும் நின்றுபோன அந்த வாரங்களில் பயிற்சிக்கு வராமல் போன பிள்ளைகளில் இருவர் பிறகு திரும்பவே இல்லை. பிரிவதற்கான நிபந்தனையைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே பேசுவது அவநம்பிக்கை என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது இரு தரப்பையும் மதிப்பதாகவே தெரிகிறது.

2025 ஜூலையில் மார்க்கேஸ் விலகிய பிறகு நடந்த தேர்வில் 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர், ஸ்பெயினின் சாவியும் விண்ணப்பித்திருக்கிறார் என்று செய்தி பரவி, பின்னர் அந்த விண்ணப்பமே உண்மையானதல்ல என்று தெரியவந்தது. அந்த இரண்டு மூன்று நாள்களில் எத்தனை பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள் என்பதை நினைத்தால், பெரிய பெயருக்கு நாம் எவ்வளவு ஏங்குகிறோம் என்பது புரிகிறது. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வுக் குழு அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. முன்னாள் இந்திய வீரர் ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பேரைத் தேர்ந்து அனுப்பியது: காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெபான் தர்கோவிச். கான்ஸ்டன்டைன் ஏற்கெனவே இருமுறை இந்திய அணியை நடத்தியவர்; 2015இல் 170க்கும் கீழே கிடந்த நம் தரவரிசை 2017இல் 96ஐத் தொட்டது அவருடைய காலத்தில். தர்கோவிச் ஸ்லோவாக்கியத் தேசிய அணியை நடத்தியவர். ஜமீல் 2017இல் ஐஸ்வால் எஃப்சியை ஐ-லீக் வெற்றிக்கு அழைத்துச் சென்றவர். இந்தத் தேர்வு நடந்தபோது ஜாம்ஷெட்பூர் எஃப்சியின் பயிற்சியாளர். ஆகஸ்ட் 1 அன்று அவர் தேர்வானார். 2012க்குப் பிறகு இந்தியர் ஒருவர் இந்தப் பொறுப்புக்கு முழுமையாக வந்தது அதுவே முதல் முறை.

நான் குழுவில் இருக்கும்போது, விண்ணப்பதாரர் தம் விளக்கப்படங்களைக் காட்டி முடித்த பின் ஒரே ஒரு கேள்வியை வைத்திருப்பேன்: "உங்களுக்கு நான்கு அமர்வுகள்தான் கிடைக்கும். முதல் அமர்வில் எதைச் செய்வீர்கள், எதை இந்தப் பருவம் முழுவதுமே தொட மாட்டீர்கள்?" பந்தை எப்போதும் நம்மிடமே வைத்திருப்போம், எதிரணியின் பாதிக்கே ஏறிச் சென்று அழுத்துவோம், இளைஞர்களை வளர்ப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னவர்கள் அந்தக் கேள்வியில் திணறினார்கள். "தற்காப்பு வரிசையின் இடைவெளியைச் சரிசெய்வேன், கார்னரைப் பழக்குவேன், மற்றதை வீரர்கள் தம் கிளப்பில் கற்றபடியே விட்டுவிடுவேன்" என்று ஒருவர் சொன்னார். அவரைத்தான் நாங்கள் எடுத்தோம். அந்த மாவட்ட அணி கோப்பையை வெல்லவில்லை, ஆனால் அந்தப் பருவத்தில் கார்னரிலிருந்து ஒரு கோலும் வாங்கவில்லை.

எவ்வளவு நல்ல பயிற்சியாளரைக் கொண்டுவந்தாலும் அவரால் தீர்க்க முடியாத குறைகள் இருக்கின்றன. அவற்றை அவர் தலையில் கட்டக் கூடாது. இந்தியாவுக்காக அதிகக் கோல் அடித்த சுனில் சேத்ரி 2024 ஜூனில் 94 கோல்களோடு தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஒன்பது மாதத்தில், நாற்பது வயதில், அவரையே திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. நம் கிளப்புகள் நடு முன்கள இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கின்றன. வாரந்தோறும் கோலுக்கு முன்னால் நிற்காத வீரரை இருபது அமர்வில் கோலடிப்பவராக மாற்ற எவராலும் இயலாது.

ஜமீலின் தொடக்கமும் இதையே காட்டியது. அவர் வந்தபோது 2025-26 ஐஎஸ்எல் பருவம் தொடங்குமா என்பதே உறுதியில்லை. சில வீரர்களை முகாமுக்கு விட அவர்களுடைய கிளப் மறுத்தது. அந்த நிலையிலும் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் ஓமானைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார்கள். அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றோம். உடனே, மறுபடியும் மைதானத்தின் வாசலில் அதே கேள்வி. அந்த அப்பாவிடம் நான் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. ஆசியக் கோப்பை நமக்கு இல்லாத நிலையில் இனி வரும் ஒவ்வொரு ஃபிஃபா விண்டோவிலும் யாரோடு, எந்த ஊரில் ஆடப்போகிறோம், அதற்கு முன் எத்தனை நாள் முகாம் என்று சம்மேளனம் தேதிவாரியாக வெளியிட வேண்டும் என்று நாம் எல்லோரும் எழுதிக் கேட்போம் என்றேன். அவர் தம் கைபேசியில் அதைக் குறித்துக்கொண்டார்.