குழந்தையின் வயிற்றுவலிக்குப் பின்னால் ஒரு கல்

வயிறு வலிக்கிறது என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தையிடம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் கையை வைக்கும். கூடவே வாந்தியும் இருந்தால் அஜீரணம், பூச்சி என்று நினைப்போமே தவிர, சிறுநீரகக் கல்லை யாரும் நினைப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு விலாப்புறத்தில் தொடங்கித் தொடையிடுக்கு வரை சுருட்டி இழுக்கும் வலியே கல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கும் வலி அப்படி வருவதுண்டு. சின்னஞ்சிறு குழந்தைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. காரணமில்லாத அழுகை, சிறுநீர் கழிக்கும்போது முகச்சுளிப்பு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறம் ஆகியவைதான் அங்கே தடயங்கள். சில சமயம் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல், நுண்ணோக்கியில்தான் தென்படும்.

கல் எப்படி உருவாகிறது? கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை எல்லோருடைய சிறுநீரிலும் கரைந்தே இருக்கின்றன. கரைந்திருக்கக்கூடிய அளவை மீறும்போது அவை படிகமாகின்றன. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக வளர்கின்றன. இதைத் தடுக்கும் பொருள்களும் சிறுநீரிலேயே உண்டு. முக்கியமானது சிட்ரேட், அது கால்சியத்தைப் பிடித்துவைத்து, ஆக்சலேட்டோடு சேரவிடாமல் செய்கிறது. ஆகவே கால்சியம் மிகுந்தாலும், சிட்ரேட் குறைந்தாலும், தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர்ந்தாலும் கல் உருவாக வழி பிறக்கிறது. உணவில் உப்பு கூடும்போது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதும் கூடுகிறது.

குழந்தைக்கு வந்த கல்லை எடுத்ததோடு விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். சிஸ்டினூரியா என்னும் பரம்பரைக் கோளாறில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சிறுநீரகத்தால் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை; அது சிறுநீரில் மிகுந்து கல்லாகிறது. அந்தச் சிறுநீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், அளந்து வெட்டியதுபோல் தட்டையான அறுகோணப் படிகங்கள் தெரியும். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் நோய் உறுதியாகிவிடும். இன்னொரு பரம்பரைக் கோளாறில் கல்லீரல் ஆக்சலேட்டை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே செயலிழக்கலாம். புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுவதால் ஸ்ட்ருவைட் கற்கள் உண்டாகின்றன. சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்பு இருந்து சிறுநீர் தேங்கினாலும் கல் வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்குச் சிறுநீரைக் கூட்டத் தரப்படும் ஃபுரோசமைடு, வலிப்புக்குத் தரப்படும் டோபிராமேட் ஆகிய மருந்துகளும் காரணமாவதுண்டு. 2008இல் சீனாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த பால்பவுடரைக் குடித்த ஏராளமான குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. சிலர் இறந்தும் போனார்கள்.

பரிசோதனையை அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள்; அதில் கதிர்வீச்சு இல்லை. சிறிய கற்கள் பல தாமாகவே வெளியேறிவிடும். அப்படி வெளிவரும் கல்லைச் சேகரித்து ஆய்வகத்துக்குக் கொடுப்பது அவசியம்; அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை.

கால்சியக் கல் என்றதும் பலர் குழந்தையின் பாலை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதைக் குறைத்தால் ஆக்சலேட் கூடுதலாக ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். வளரும் எலும்புகளுக்கும் கால்சியம் போதாமல் போகும். குறைக்க வேண்டியது உப்பை; கூட்ட வேண்டியது தண்ணீரை.

வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் தொற்று பரவினால் சில மணி நேரத்திலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.