பழைய ரிவோல்வர் ஒன்று வருகிறது, எடுக்கலாமா?

நுவரெலியா, வலப்பனை, வெலிமடைப் பக்கத்து மரக்கறி வியாபாரிகள் என்னிடம் வருவது பெரும்பாலும் காணித் தகராறுக்கும் காசோலை வழக்குக்கும்தான். கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. மற்ற வேலையெல்லாம் பேசி முடித்து எழும்பும்போதுதான் அதைக் கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி.

"சேர், ஒரு பழைய ரிவோல்வர் வருது. தெரிஞ்ச ஆள்தான். நல்ல சாமானாம். எடுத்து வைக்கலாமா?"

"அண்ணே, லைசன் யார் பேர்ல இருக்கு?"

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாமாம் சேர்."

கேட்பவர்கள் சண்டியர்கள் இல்லை. கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகத் தம்புள்ளைச் சந்தைக்கு லொறி அனுப்புகிறவர்கள், வாரக் கணக்கு முடித்துக் காசோடு மலை ஏறுகிறவர்கள், பிள்ளைகள் கொழும்பில் இருக்க ஊரில் தனியாக ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுடைய பயம் உண்மையானது. அதனால்தான் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடாமல் உட்கார வைத்துப் பேசுகிறேன். அங்கே பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "அப்புறம்" பற்றி. மோட்டார் சைக்கிள் வாங்கினால் முதலில் சாவியை வாங்கிப் பிறகு பெயர் மாற்றலாம். துவக்கில் அது நடக்காது. இலங்கையில் இதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளை நன்றாகவே இறுக்கியது. அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துவக்குக்கு, ஒரு வருடத்துக்கு. டிசம்பர் 31 வந்தால் அது முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். விற்பவரிடம் செல்லுபடியான லைசன் இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் சாமான் உங்கள் கைக்கு வந்த நிமிடத்தில் நீங்கள் அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருப்பவர். கொடுத்தவருக்கும் வழக்கு உண்டு.

யாரிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பன்றி வந்து கிழங்குப் பாத்தியைக் கிளறுகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கும் துவக்கு மாவட்டச் செயலகத்தின் வழியாகப் போகிறது. நம் ஆட்கள் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். உயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்கும் ரிவோல்வரும் பிஸ்டலும் பாதுகாப்பு அமைச்சின் கையில். அங்கே "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் போதாது. என்ன அச்சுறுத்தல், எப்போது முறைப்பாடு செய்தீர்கள், பொலிஸ் என்ன சொல்கிறது என்று எல்லாம் பார்ப்பார்கள். அந்தப் பதில் வருமுன் முற்பணம் கொடுப்பதும்கூட வீண் வேலை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தப் பணத்தைக் கேட்டு நீங்கள் எந்த நீதிமன்றத்துக்கும் தலை நிமிர்ந்து போக முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 இறுதியில், உயிர்ப் பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளையும் தோட்டாக்களையும் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நவம்பர் 7க்கு முன் வெலிசறைக் கடற்படை முகாமில் உள்ள களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒழுங்காக லைசன் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை. அரசு கேட்கும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் இது. இதில் முதல் போடுவது, தேவை வந்தால் விற்று எடுக்கலாம் என்று எண்ணுவது, இரண்டும் தவறு.

அப்படியானால் இந்தப் பழைய ரிவோல்வர்கள் எங்கிருந்து வருகின்றன? சில உண்மையிலேயே பழையவை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாவில் இருந்தது, பிறகு யாரோ ஒருவர் பெட்டியில் தூங்கியது, அவர் இறந்ததும் பிள்ளைகள் கையில் அகப்பட்டது. அதற்கு ஒரு காலத்தில் லைசன் இருந்திருக்கும், எந்த வருடத்திலோ புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். இன்னும் சில, கதையே இல்லாதவை. அவைதான் என்னைப் பயப்படுத்துகின்றன.

ஒரு வழக்கில் சான்றுப் பொருளாக வந்த ரிவோல்வரை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கட்டியிருந்த அரக்கு முத்திரை உடைந்து காகித உறையில் பொடியாக ஒட்டியிருந்தது. கைப்பிடி மரம் வெடித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட கீறல்கள். முதல் இரண்டு எண் மட்டும் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் துரு, அந்தக் கீறல் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. வைத்திருந்தவர் அதை வாங்கியதோடு சரி, ஒருநாளும் சுட்டதில்லை என்றுதான் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் அந்தத் துவக்கு அவரிடம் வருமுன் என்ன செய்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரிவோல்வர் சுட்டால் தோட்டாவின் வெற்றுக் கோது உள்ளேயே நின்றுவிடும். ஆனால் குண்டில் குழலின் வரிகள் பதியும். அரச பகுப்பாய்வாளர் சுட்டுப் பார்த்து ஒப்பிடலாம். எங்கோ நடந்த ஒரு கொள்ளையின் குண்டோடு அந்த வரி பொருந்தினால், பதில் சொல்ல வேண்டிய ஆள் கடைசியாக வாங்கியவர்தான்.

"துருப்பிடித்தது, சுடாது" என்பது அடுத்த வாதம். சுடுமா சுடாதா என்பதை நீங்களோ நானோ சொல்லி முடிக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் பகுப்பாய்வாளர். அந்த அறிக்கை வரும்வரை வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போகும். விளக்கமறியலில் வைத்தால் 14 நாளுக்கு 14 நாள் என்று நீளும். இதற்கிடையில் தோட்டத்தில் மருந்து அடிக்க ஆள் இல்லை, லொறித் தவணை கட்ட வழியில்லை, மனைவி பிள்ளைகள் பஸ் ஏறிச் சிறைச்சாலைக்குச் சோறு கொண்டு போகிறார்கள். தண்டனை வருமுன்பே ஒரு போகம் போய்விடுகிறது.

சரி, அமைச்சு அனுமதி கொடுத்துவிட்டது, உரிமை மாற்றத்துக்கும் எழுத்தில் சம்மதம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதன்முதலாக வாங்குகிறவருக்குப் பழைய ரிவோல்வர் நல்ல தெரிவா? துவக்கு வழக்குகளைப் பார்க்கத் தொடங்கியபின் விற்பனை முகவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு.

நம் பக்கம் பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் பிரித்தானியத் தயாரிப்பான வெப்லி, இல்லையென்றால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸன். இரண்டையும் "தேட்டி எயிட்" என்று சொல்லித்தான் விற்பார்கள். 38 என்பது குண்டின் அளவைக் குறிக்கும் பெயர், அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா இருக்கிறது. பழைய பிரித்தானியப் படை ரிவோல்வர்களுக்கு உரியது கட்டையான, சற்றே தடித்த 38 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டா. உலகத்தில் இன்று தாராளமாகப் புழங்குவது 38 ஸ்பெஷல். அது நீளம் கூடியது, ஒல்லியானது, அழுத்தமும் அதிகம். போர் முடிந்து மிஞ்சிய துவக்குகளில் பலவற்றை, தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் துளையை நீட்டி 38 ஸ்பெஷலுக்கு மாற்றி விற்றார்கள். துளையின் அகலம் பழையபடியே இருப்பதால் சுடும்போது கோது வீங்கும், பிளக்கும். வெளியில் பார்த்தால் இந்த மாற்றம் புதியவர் கண்ணுக்குத் தெரியாது.

சிலிண்டர் சுழன்று நிற்கும்போது துளையும் குழலும் மிகச் சரியாக ஒரே கோட்டில் வர வேண்டும். தேய்ந்துபோன ரிவோல்வரில் கொஞ்சம் விலகி நிற்கும். அப்போது குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கும் வரும். இதைக் கையால் ஆட்டிப் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அனுமதி பெற்ற பழுது பார்ப்பவர் அளவு வைத்துப் பார்க்கட்டும்.

கீழே விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944இல் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் போர்க்கால ஸ்மித் அண்ட் வெஸன் ரிவோல்வர் ஒன்று இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பனி, விசை அழுத்தினாலொழியச் சுத்தி தோட்டாவைத் தொடாதபடி உள்ளே இருந்த தடையை மாற்றியமைத்தது. உங்களுக்கு வரும் பழைய துவக்கில் அப்படியொரு தடை இருக்கிறதா, இருந்தாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு வேலை செய்கிறதா என்பது தெரியாமல் அதை இடுப்பில் செருகிக்கொண்டு லொறியில் ஏறுவதா? றம்பொடை வளைவுகளில் லொறி எப்படிக் குலுங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி, எதற்காக வாங்குகிறீர்களோ அதற்கு அது உதவுமா? பன்றிக்கு ரிவோல்வர் ஒன்றும் செய்யாது. கள்ளனுக்கு என்றால் தண்டனைச் சட்டக்கோவையைத் தெரிந்துகொள்ளுங்கள். தற்காப்பு உரிமை 89ஆம் பிரிவிலிருந்து 99 வரை எழுதப்பட்டிருக்கிறது. உயிர்போகும் அளவுக்கு அந்த உரிமை நீளும் சந்தர்ப்பங்களைச் சட்டமே எண்ணிச் சொல்கிறது: கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இப்படி. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. இரவில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று நான் வாதாட முடியாது. இன்னொரு முக்கியமான விடயம்: தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்பதை நிரூபிக்கும் பாரம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, சுட்டவர் தலையில். கையில் இருப்பது லைசன் இல்லாத துவக்கு என்றால் அந்த வாதத்தை எந்த முகத்தோடு தொடங்குவது?

காசுதான் பயம் என்றால் காசைக் குறையுங்கள். தம்புள்ளைக் கடைக்காரரோடு வங்கி வழியாகக் கணக்கு முடிக்கலாம். என்னிடம் கேட்டவர்களில் சிலர் அப்படி மாறியிருக்கிறார்கள். சந்தையில் பேசி ஒத்துக்கொள்ள வைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான். இரண்டு மூன்று லொறி சேர்ந்து திரும்புவது, முற்றத்துக்கு விளக்கும் கெமராவும் போடுவது, அச்சுறுத்தல் வந்த அன்றே முறைப்பாடு பதிவது. இவையெல்லாம் ஒரு பழைய ரிவோல்வரின் விலையைவிடக் குறைவு. பின்னால் உண்மையாகவே துவக்குக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தால், அந்த முறைப்பாடுகள்தான் உங்கள் கோப்பில் பேசும்.

மனதை அதிகம் உறுத்துவது வீட்டுக்குள் நடப்பது. கள்ளன் வருடத்தில் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அந்த வீட்டில் தினமும் இருப்பது பிள்ளைகளும், குடித்துவிட்டு வரும் தம்பியும், பரீட்சை தவறிய மகனும்தான். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக மோசமான வீதங்களில் ஒன்று அது. மலையகத்தில் அந்த வேதனை தெரியாத லயம் இருக்காது. பிறகு நச்சுத்தன்மை கூடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். பத்து வருடத்துக்குள் வீதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் கவலை தீர்ந்துவிடவில்லை. அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் போத்தல் இல்லாமல் போனது, அல்லது இருந்த மருந்து உயிரைக் குடிக்கும் அளவுக்கு இல்லாமல் போனது. போத்தலை அப்புறப்படுத்தி இத்தனை உயிரைக் காப்பாற்றிய ஊரில், ஒருதரம் விசை அழுத்தினால் திரும்பிவர வழியில்லாத ஒரு சாமானை அலுமாரித் துணிக்கடியில் வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அனுமதி பெற்று வைத்திருப்பவர்களும் தயவுசெய்து சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாவை வேறோரிடத்தில் பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே கையில் வந்துவிட்டவர்களுக்கு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கலாம், யாரோ "பத்திரமாக வை" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆற்றில் எறியாதீர்கள், மலையில் புதைக்காதீர்கள், இன்னொருவருக்குக் கைமாற்றாதீர்கள். பையில் போட்டுப் பஸ்ஸில் பொலிசுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம், வழியில் சோதனை நடந்தால் நீங்கள் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று யார் நம்புவார்? துடைக்கவோ திறந்து பார்க்கவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு அறையைப் பூட்டிவிட்டு, ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். எப்போது, எப்படி அகப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதி, அவர் மூலம் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தால் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். சட்டவிரோதத் துவக்குகளை ஒப்படைக்கப் பொதுமன்னிப்புக் காலமும் அவ்வப்போது அறிவிக்கப்படும், ஆனால் அதற்காகக் காத்திருந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். அவர்கள் எடுத்துப் போகும்போது பொலிஸ் புத்தகத்தில் பதிந்த இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.