மார்ட்டின் சட்டம்: பிரிட்டனில் கோயிலும் மண்டபமும் நடத்துபவர்களுக்கு

"தினமும் நாற்பது பேர்தான் கோயிலுக்கு வருகிறார்கள், பயங்கரவாதத் தாக்குதலுக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லும் இந்த மார்ட்டின் சட்டம் நமக்கு எதற்கு?" என்று நினைக்கும் நிர்வாக சபைகள்தான் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரீனாவில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், வெளிக்கூடத்தில் காத்திருந்தவன் உடம்பில் சுமந்து வந்த குண்டை வெடிக்க வைத்தான். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 29 வயது மார்ட்டின் ஹெட். இப்படி ஒரு தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பது எந்த அரங்குக்கும் கட்டாயமில்லை என்பதை அவருடைய தாய் ஃபிகன் மரே அறிந்தபோது, அதை மாற்றியே தீருவது என்று இறங்கினார். 2024இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் பிரதமர் இல்லம் வரை நடந்தே போனார். 2025 ஏப்ரல் 3 அன்று, மகன் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சட்டம் நிறைவேறியது. ஆயத்தத்துக்குக் குறைந்தது 24 மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 2027 ஏப்ரலுக்கு முன் நடைமுறைக்கு வராது.

எல்லாம் தலைக்கணக்கில் இருக்கிறது. ஒரே நேரத்தில் 200 முதல் 799 பேர் வரை கூடக்கூடிய இடம் என்றால் சாதாரண நிலை. 800 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் நிலை. அன்றாடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதல்ல கேள்வி. அவ்வப்போது அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். தினமும் நாற்பது பேர் வரும் கோயிலில் திருவிழாவுக்கு முந்நூறு பேர் உள்ளே நிற்பது வழக்கம் என்றால் அந்த முந்நூறுதான் கணக்கு. பூசகர், ஊழியர், சமையலுக்கு வரும் தொண்டர்கள் எல்லோரும் அதில் சேர்த்தி.

வழிபாட்டுத் தலங்களுக்கு ஒரு சலுகை உண்டு: 800ஐத் தாண்டினாலும் சாதாரண நிலைதான். பள்ளிக்கூடங்களுக்கும் அப்படியே. கல்யாண மண்டபத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சாதாரண நிலையில் கேட்பது இவ்வளவுதான். இடத்தின் பொறுப்பாளர் யார் என்று பாதுகாப்புத் தொழில் ஆணையமான எஸ்ஐஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் நான்கு விஷயங்களுக்கு முறை வகுத்து, அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்: மக்களை வெளியேற்றுவது, வெளியே ஆபத்து என்றால் உள்ளே பத்திரமான இடத்துக்கு நகர்த்துவது, கதவுகளை அடைப்பது, எல்லோருக்கும் உடனே தகவல் சொல்வது. இதற்காகக் கட்டடத்தில் ஒரு செங்கல்லையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது, ஒலிபெருக்கியில் யார் பேசுவார், சக்கர நாற்காலியில் வந்த பாட்டியை யார் கூட்டிப்போவார் என்பதற்கெல்லாம் பதில் தயாராக இருக்க வேண்டும். தீ விபத்து ஒத்திகையை மட்டும் நம்ப முடியாது. தீ என்றால் வெளியே ஓடச் சொல்வோம். தாக்குபவன் வாசலில் நின்றால் அதுவே உயிருக்கு ஆபத்து.

உயர் நிலையில்தான் கட்டடத்தின் பாதுகாப்பும் சேருகிறது. 2017இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலும் லண்டன் பாலத்திலும் நடைபாதையில் போனவர்கள் மேல் வண்டியை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பாலங்களில் தடுப்புகள் வந்தன. வாசலுக்கு முன் வண்டியை மறிக்கும் தூண்கள், பைச் சோதனை, கண்காணிப்பு, வெடிப்பில் சிதறிப் பறக்காத கண்ணாடி ஆகியவற்றில் தன் இடத்துக்கு நியாயமாக எது முடியும் என்று நிர்வாகம் ஆராய்ந்து, அதைச் செய்து, எழுதி, எஸ்ஐஏவிடம் கொடுக்க வேண்டும். வெடிகுண்டு வண்டியைப் பொறுத்தவரை தூரம்தான் பெரிய காவல். கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்தும் ஒவ்வொரு மீட்டரும் உயிரைக் காக்கும்.

தெருவில் டிக்கெட்டோ வாசல் சோதனையோ இல்லாமல் போகும் தேர் ஊர்வலம் இந்தச் சட்டத்தில் வராது. ஒரே நேரத்தில் 800 பேரோ அதற்கு மேலோ கூடும், டிக்கெட் பார்த்து உள்ளே விடும் கலைவிழா வரும்.

மீறினால் சாதாரண நிலையில் 10,000 பவுண்டு வரை அபராதம். உயர் நிலையில் 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருமானத்தில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

சட்டத்தைக் காட்டிக் கருவி விற்க யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கோயில் பணம் அடியார்கள் கொடுத்த பணம். சாதாரண நிலைக்கு எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. வழிகாட்டுதலும் பயிற்சியும் பயங்கரவாதத் தடுப்புக்கான புரொடெக்ட் யூகே (ProtectUK) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.