டர்பன் கடற்கரையில் சூரியக் குடும்பம்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படங்களில் கோள்களின் பருமனுக்கு ஒரு விகிதம், இடைவெளிக்கு வேறு விகிதம். இரண்டுக்கும் ஒரே விகிதம் வைத்தால் தாளில் அடங்காது. டர்பன் கடற்கரை நடைபாதையில் அடங்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு காலையில் செய்துவிடலாம். எல்லாவற்றையும் நூறு கோடியால் வகுக்க வேண்டும். பத்து லட்சம் கிலோமீட்டர் ஒரு மீட்டராகிவிடும்.

சூரியன் 1.39 மீட்டர். மஞ்சள் துணியை வட்டமாக வெட்டி, நடைபாதையின் தெற்குப் பக்கம் யூஷாகா கடல் பூங்கா அருகே கட்டிவிடுங்கள். வடக்கே நடந்தால் 58 மீட்டரில் புதன், 108-ல் வெள்ளி, 150-ல் பூமி. பூமியைக் களிமண்ணில் 12.7 மில்லிமீட்டருக்கு உருட்டுங்கள். அதிலிருந்து 38 சென்டிமீட்டரில் நிலா. அதற்கு ஒரு கொத்தமல்லி விதை போதும். செவ்வாய் 228 மீட்டரில். 14 செ.மீ. பருமனுள்ள வியாழன் 778 மீட்டரில். பிறகு வெறும் நடைதான். 5 செ.மீ. பருமனுள்ள நெப்டியூன் 4.5 கி.மீ. தள்ளி, உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்கு முன்பே வந்துவிடும்.

காலடியை எண்ணி அளந்தால் கணக்கு உதைக்கும், பிள்ளைகளின் காலடி நீளம் ஆளுக்கு ஆள் மாறும். செவ்வாய் வரை அளவு நாடா, அதற்கப்பால் கைப்பேசி வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம். செவ்வாயின் பாதை நன்றாகவே நீள்வட்டம் என்பதால் அதன் இடம் 207 முதல் 249 மீட்டர் வரை நகரும். 228 என்பது சராசரி.

இந்த மாதிரியில் ஒளியின் வேகம் நொடிக்கு வெறும் 30 செ.மீ. சாதாரணமாக நடந்தாலே அதை முந்திவிடுவோம். சூரியனிலிருந்து பூமிக்கு அது வந்துசேர 500 நொடி ஆகும்.

சூரியனுக்கு அடுத்த விண்மீன் எங்கே? 1915-ல் ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்த பிராக்சிமா சென்டாரிதான் அது. நம் அளவில் 21 செ.மீ. உருண்டை. தூரம் 40,100 கி.மீ. டர்பனில் கிளம்பி பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி டர்பனுக்கே திரும்பும் தூரம்!

இதற்கு மேல் இந்த விகிதம் உதவாது. சூரியனுக்கும் பிராக்சிமாவுக்கும் உள்ள தூரத்தையே ஒரு மீட்டர் ஆக்குங்கள். சூரியன் சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தெரியாத 35 நானோமீட்டர் புள்ளியாகிவிடும். நம் சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதியின் குறுக்களவு சுமார் 24 கி.மீ. பக்கத்துப் பெரிய விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமிடா இருப்பது 590 கி.மீ. தொலைவில்; என்-3 சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

பலரும் கவனிக்காத இடம் இதுதான். பிராக்சிமாவை எட்டச் சூரியன்களை ஒட்டி ஒட்டி அடுக்கினால் ஏறக்குறைய மூன்று கோடி தேவை. ஆண்ட்ரோமிடாவை எட்ட 25 பால்வீதிகள் போதும். அளவு பெரிதாகப் பெரிதாக வெறுமையும் அதே வீதத்தில் கூடும் என்று நினைப்பது தவறு. விண்மீன்கள் தனித்தனித் தீவுகள். விண்மீன் மண்டலங்களோ நெரிசலில் இருப்பவை. அதனால்தான் மண்டலங்கள் மோதி ஒன்றாகக் கலப்பது சகஜம், அப்போதும் விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டுவது அநேகமாக இல்லை.

கீழ்நோக்கியும் போகலாம். ஹைட்ரஜன் அணுவை நூறு கோடி மடங்கு பெருக்கினால் 10 செ.மீ.; நடுவில் உள்ள புரோட்டான் அப்போதும் 1.7 மைக்ரோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அணு காலி என்பது பாதி உண்மை. எலக்ட்ரான் அந்த இடம் முழுக்கப் பரவியிருக்கிறது. புரோட்டானுக்கு இசைவான அதன் தற்சுழற்சி எதிர்த்திசைக்குப் புரளும்போது 21 செ.மீ. நீள ரேடியோ அலை பிறக்கிறது.

அந்த அலையைத் தூசி தடுக்காது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில் 13.5 மீட்டர் குறுக்களவுள்ள 64 தட்டுகளைக் கொண்ட மீர்காட் தொலைநோக்கி, அதை வைத்தே பால்வீதித் தூசிக்குப் பின்னால் பார்க்கிறது. அங்கே ஒளிந்திருந்த, ஏராளமான விண்மீன் மண்டலங்களின் கூட்டமான வேலா பெருங்கொத்தை 2016-ல் அறிவித்தது கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ரெனே க்ரான்-கோர்ட்வெக் தலைமையிலான குழு. அது 80 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; நம் இரண்டாவது மாதிரியில் ஏறத்தாழ 1,89,000 கி.மீ., நிலாவுக்குப் பாதி வழி.