7/4 எந்த வகையில் தகாதது?

போன வாரம் தங்கை மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 5/6, 11/12 இரண்டையும் கூட்டினாள். 7/4 வந்தது. உடனே ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினாள். "தகா பின்னம் வந்துடுச்சு மாமா, எங்கேயோ தப்பு" என்றாள். தொகுதி (மேலே உள்ள எண்) பகுதிக்கு (கீழே உள்ள எண்) சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் பாடநூலில் அதற்குத் தகா பின்னம் என்று பெயர். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பெயரில்தான் தப்பு. இதே குழப்பத்தை வேறு பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னம் வடசொல். உடைந்தது என்று பொருள். பின்னமான சிலையைப் பூசையில் வைக்க மாட்டோம். சின்னாபின்னம் என்பதிலும் இதே சொல்தான். லத்தீனிலும் அரபியிலும்கூட இதற்கான சொல் உடைத்தல் என்ற வேரிலிருந்தே வருகிறது. முழு எண் உடைந்தால் பின்னம். சரி, இந்தச் சொல்லில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 'தகா'வோடு. ஆங்கிலத்தில் இது 'இம்ப்ராப்பர்' பின்னம், ஒன்றைவிடச் சிறியது 'ப்ராப்பர்' பின்னம். 'ப்ராப்பர்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தனக்கே உரிய என்று பொருள். ஒன்றைவிடச் சிறியதுதான் அசல் பின்னம், மற்றது பெயரளவில் பின்னம், அவ்வளவே அங்கே கருத்து. நம்மவர் 'இம்ப்ராப்பர்' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார். தகாத வார்த்தை, தகாத உறவு, தகா பின்னம்! தமிழில் 'தகாத' என்றாலே கண்டிப்புத்தான் காதில் விழும். (எழுதுவதானாலும் 'தகாப் பின்னம்' என்று வல்லினம் மிக வேண்டும், அதையும் விட்டுவிட்டார்கள்.)

7/4 என்பது ஒன்றேமுக்கால். காய்கறிக் கடையில் தினமும் புழங்கும் அளவு. முக்கால் கிலோ தக்காளி தகும், ஒன்றேமுக்கால் கிலோ தகாதா? அரைக்கால், மா, காணி, முந்திரி என்று 1/320 வரை பெயர் வைத்த மொழி இது. ஒரு மாவும் (1/20) ஒரு காணியும் (1/80) சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. கூட்டிப் பாருங்கள், பெயரே கணக்கைச் சொல்லிவிடும். பெருக்கும்போதோ இந்தத் 'தகாதது'தான் கைகொடுக்கிறது: ஒன்றேமுக்காலை இரண்டரையால் பெருக்க 7/4 × 5/2 என்று மாற்றினால் நொடியில் 35/8.

இதே பாடநூல்களில் 'விகிதமுறா எண்' (ஆங்கிலத்தில் 'இர்ரேஷனல்') என்ற சொல்லும் இருக்கிறது. அங்கேயும் அகராதியின் முதல் பொருளை எடுத்திருந்தால் பகுத்தறிவற்ற எண் என்று ஆகியிருக்கும். அதை மொழிபெயர்த்தவர் கணக்கைப் புரிந்துகொண்டு, விகிதமாக எழுத முடியாதது என்று சொல்லாக்கினார். அந்த அக்கறை இங்கே ஏன் இல்லாமல் போனது? இப்போது அறிவியல் மொழிபெயர்ப்புகள் பலவற்றிலும் இதே கதைதான். பொருளைப் பார்ப்பதே இல்லை, சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

என் பரிந்துரை குறைபின்னம், நிறைபின்னம். தொகுதி பகுதியைவிடச் சிறியதானால் குறைபின்னம். சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஒன்று நிறைந்துவிட்டது, அது நிறைபின்னம். மிகுபின்னம் என்றும் யோசித்தேன்; 4/4 அதில் அடங்காது.

வீட்டில் அவளுக்கு நிறைபின்னம் என்றே சொல்லித்தருகிறேன். பரீட்சையில் மட்டும் தகா பின்னம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண் போய்விடக் கூடாது.